மஞ்சள் கயாக்குக்கு ஒரு சுக்கான்

இரண்டாயிரத்து நாலாம் வருடம் என் கணவருக்கு ஒரு கயாக் இனாமாகக் கிடைத்தது. அவர் ஓர் அரசு அலுவலகத்தில் செக்ஷன் ஆபீசர். கோவளத்தில் வீடெடுத்து நாலைந்து வருடம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஏதோ அனுமதிக்காக அந்த அலுவலகத்துக்கு நடையாய் நடந்தபோது, இவர் கூடவே இருந்து விண்ணப்பங்களை எழுதிக்கொடுத்திருக்கிறார். ஊர் திரும்பும் நேரத்தில் அந்த மனிதர் தன்னிடமிருந்த பெரிய பொருளை நன்றியாகத் தந்துவிட்டுப் போய்விட்டார். அலுவலகத்தில் ஒருவர்கூட அதை லஞ்சம் என்று சொல்லவில்லை. வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றே தெரியாத ஒரு பொருளை லஞ்சம் என்று சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை போலிருக்கிறது.

கயாக் என்பது ஒரே ஆள் உட்கார்ந்து, இரண்டு முனையிலும் இலை வைத்த துடுப்பால் தள்ளிப் போகும் ஒல்லியான படகு. இது மீன்பிடிப்பதற்கென்றே செய்தது. வார்த்த பிளாஸ்டிக், மஞ்சள் நிறம், பதினாலு அடி நீளம். தூண்டில் கம்பைச் செருக இரண்டு குழிகள், மீன்பெட்டி வைக்கப் பின்பக்கம் ஒரு பள்ளம். டெம்போவில் ஏற்றி ஆரியசாலையில் எங்கள் சந்துக்குக் கொண்டுவந்தார்கள். முன்னால் வெங்காய லாரி நின்றுகொண்டிருந்ததால் டெம்போ அரை மணி நேரம் சந்து முனையிலேயே நின்றது. எதிர்க்கடைக்காரர் என்னிடம் வந்து, இது என்ன புது மாதிரித் தண்ணீர்த்தொட்டியா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் பிறகு வந்த பாதிக் கேள்விகள் மிச்சமாகியிருக்கும்.

வீட்டுக்குள் அது நுழையவில்லை. அதே டெம்போவில் திருப்பி வெள்ளாயணிக்குக் கொண்டுபோனோம். அங்கே காயல் கரையில் என் கணவரின் அலுவலக நண்பருக்கு வீடும் தென்னந்தோப்பும் இருந்தன. கயாக் கடைசிவரை அந்தத் தோப்பில்தான் கிடந்தது.

அந்த நண்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்லூரியில் படிக்கும்போது மாணவர் படையின் கப்பல் பிரிவில் இரண்டு வருடம் வெள்ளைச் சட்டை போட்டிருந்தவர். அந்த இரண்டு வருடத்தில் அவர் ஏறிய மிகப்பெரிய கலம் எது என்று நான் பலமுறை கேட்டும் பதில் வந்ததில்லை. ஆனால் தண்ணீரைப் பற்றிய எந்தப் பேச்சிலும் கடைசி வார்த்தை அவருடையதாகத்தான் இருக்கும். நான் மனசுக்குள் அவரை நேவிக்காரர் என்று அழைத்துவந்தேன். இங்கேயும் அப்படியே அழைக்கிறேன்.

நான் அப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் டீச்சர். நாஞ்சில் நாட்டிலிருந்து இந்த மலையாள நகரத்துக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டு வந்தவள். சின்ன வயதிலிருந்தே கால்வாயில் நீந்தத் தெரியும். என் கணவர் ஆரியசாலையிலேயே பிறந்து வளர்ந்தவர். இடுப்பளவுக்கு மேல் தண்ணீரில் நின்றதில்லை. வெள்ளைக்காரர் விட்டுப்போன ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை அவர் கரையிலேயே போட்டுக்கொண்டு, எல்லா வாரையும் இறுக்கி, மூச்சு முட்டத்தான் முதல் நாள் கயாக்கில் ஏறினார்.

அன்று காற்று மேற்கிலிருந்து, கடல் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. இவர் தெற்கே போக வேண்டும். நாலு துடுப்பு போடுவதற்குள் கயாக்கின் மூக்கு மெல்லத் திரும்பி மேற்கே பார்த்தது. நேராக்கினார். மறுபடி திரும்பியது. இவர் அதை ஒரு பிடிவாதக்காரக் குழந்தையைத் திட்டுவதுபோலத் திட்டிக்கொண்டே ஒரே பக்கமாகத் துடுப்பு போட்டுப் போட்டுக் கைசோர்ந்து, புறப்பட்ட இடத்திலிருந்து ஐம்பதடி தள்ளி ஒரு கோரைப்புல் புதரில் போய் நின்றார்.

கரையேறியதும் நேவிக்காரர் கயாக்கின் வால்பக்கத்தைக் குனிந்து பார்த்து, இரண்டு பித்தளை ஓட்டைகளைக் கண்டுபிடித்தார். சுக்கான், அதாவது படகின் வாலில் தண்ணீருக்குள் நிற்கும் தகடு, மாட்டுவதற்கான இடம். சுக்கான் மட்டும் இல்லை. அதைப் பார்த்த நிமிஷத்தில் என் கணவரின் முகம் தெளிந்தது. தப்பு தன்னுடையது இல்லை என்று தெரிந்தால் அவருக்கு எப்போதும் அப்படி ஒரு தெளிவு வரும்.

"கேட்டியா, இதுக்கு ஒரு சுக்கான் இல்லாம சரியாவாது" என்றார் என்னிடம், நான்தான் அதைக் கழற்றி ஒளித்துவைத்த மாதிரி.

அதற்குப் பிறகு மூன்று மாதம் அவர் அந்தக் கயாக்கைத் தண்ணீரில் இறக்கவில்லை. அலுவலகம் விட்டதும் இருவரும் பழவங்காடியில் ஒரு இன்டர்நெட் கடைக்குப் போய் உட்கார்ந்துவிடுவார்கள். எங்கள் சாப்பாட்டு மேசையில் அச்சடித்த தாள்கள் குவிந்தன. தகடு அலுமினியமா, பிளாஸ்டிக்கா. நீளமாகவா, அகலமாகவா. தரை தட்டினால் மேலே மடங்குவதா, மடங்காமல் உறுதியாக நிற்பதா. காலால் மிதிக்கும் பெடல் தண்டவாளத்தில் நகர்வதா, குதிகாலில் ஊன்றி முன்பாதத்தால் அழுத்துவதா. இதற்கு நடுவே, சுக்கானே வேண்டாம், அடியில் அசையாமல் நிற்கும் ஒரு துடுப்புச்செதில் போதும் என்று சொல்லும் ஒரு கூட்டமும் உலகத்தில் இருப்பது தெரியவந்தது. அந்தக் கூட்டத்தை நேவிக்காரர் ஒரு முழு மாலை மறுத்துப் பேசினார். அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட அங்கே இல்லை; அவருக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை இருவரும் பழவங்காடியில் இருந்தபோது நான் பஸ் ஏறி வெள்ளாயணிக்குப் போனேன். நேவிக்காரரின் மனைவி கயாக்கைத் தண்ணீருக்கு இழுத்துக்கொண்டுவரக் கைகொடுத்தாள். ஏறுமுன் ஒன்றைக் கவனித்தேன். என் கணவர் மீன் போடும் ஐஸ்பெட்டியைப் பின்னாலிருந்த பள்ளத்தில் வைக்காமல், கால்களுக்கு முன்னால், மூக்குப் பக்கம் கட்டியிருந்தார். காரணம் எனக்குத் தெரியும். அதில் மீன் ஒருநாளும் இருந்ததில்லை. முதல் நாள் தயிர்ச்சாதம் கொண்டுபோனார்; தண்ணீர் பாட்டில்கள் இன்னும் அப்படியே இருந்தன. கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும் அவருக்கு. மூக்கு கனத்துத் தண்ணீரில் ஆழ ஊன்றிக்கொள்ள, லேசான வாலைக் காற்று தள்ளிக்கொண்டு போனால் கயாக் திரும்பாமல் என்ன செய்யும்? நான் பெட்டியை அவிழ்த்துப் பின்பள்ளத்தில் வைத்துக் கட்டினேன். கயாக் ஏறக்குறைய நேராகப் போனது. தாமரை படர்ந்த இடம்வரை போய்த் திரும்பி வந்தேன். கை வலித்தது, சுடிதார் நனைந்தது, வேறு ஒன்றும் ஆகவில்லை.

அன்று மாலை வீட்டில் இருவரிடமும் இதைச் சொன்னேன். என் கணவர் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நேவிக்காரர் சிரித்தார்.

"சேச்சிக்கு மனசிலாவில்ல. பெட்டி மாத்தி வச்சா அது அட்ஜஸ்ட்மென்ட். போட்டுன்னா ரடர் வேணும், அதாக்கும் சயின்ஸ்."

அவர் காப்பி டம்ளரை எடுக்காமல் உள்ளே போனேன். அன்றிலிருந்து சுக்கான் என்ற பொருளே இந்த மாதிரி ஆண்கள் பேசிக்கொண்டிருப்பதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டது என்று முடிவுகட்டிவிட்டேன். அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடமெல்லாம் அப்படியே சொல்லவும் செய்தேன்.

முதல் சுக்கானை நேவிக்காரரே வரைந்து, கரமனையில் ஜன்னல் கிரில் செய்யும் பட்டறையில் அடித்து வாங்கினார். இரும்புத் தகடு. அளவு ஏறக்குறைய எங்கள் வீட்டு முறம். துரு பிடிக்காதிருக்கப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். மேலே மடங்காது, மடங்குவது பலவீனம் என்று நேவிக்காரர் கருதினார். அதன் இரண்டு காதுகளிலிருந்தும் துணி காயப்போடும் நைலான் கயிறு புறப்பட்டு, கொக்கிகள் வழியாக முன்னால் வந்து, இரண்டு கண்ணிகளாக முடிந்தது. அந்தக் கண்ணிகளில் என் கணவர் காலை நுழைத்துக்கொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம். காயலின் குறுக்கே போகும் ரோட்டில் சைக்கிள்காரர்கள் நின்று பார்த்தார்கள். கரையில் தண்ணீர் முழங்காலளவுதான். தகடு உடனே சேற்றில் குத்தி நின்றது. நாலு பேர் சேர்ந்து கயாக்கோடு என் கணவரையும் தூக்கி ஆழத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அவர் வலது காலால் கயிற்றை இழுத்தார். கயாக் இடது பக்கம் திரும்பியது. கயிறுகளை மாற்றிக் கட்டியிருந்தார்கள். கரையிலிருந்து நேவிக்காரர், அது ஒன்றும் பிரச்சினையில்லை, நாலு நாளில் பழகிவிடும் என்று கத்திச் சொன்னார். பழகுவதற்குள் குளவாழை, அதாவது ஆகாயத்தாமரைக் கொத்து ஒன்று தகட்டில் சுற்றிக்கொண்டது. ஒரு கயிறு கொக்கியில் சிக்கிக்கொள்ள, சுக்கான் ஒரே பக்கமாகத் திரும்பி நின்றுவிட்டது. என் கணவர் துடுப்பு போடப் போட வட்டமடித்தார். நிறுத்தினால் காற்று தள்ளியது. காலைக் கண்ணியிலிருந்து எடுக்கலாம் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. ஏழெட்டு வட்டத்துக்குப் பிறகு தாமரைக்கொடிகளுக்குள் போய்ப் புகுந்தார்.

தாமரை பறித்துக்கொண்டிருந்த ஒருவர் தன் சின்ன வள்ளத்தில் போய்க் கயாக்கைக் கயிறு கட்டி இழுத்துவந்தார். நாற்பது வயதிருக்கும். கரைக்கு வந்ததும் அந்தப் பச்சைத் தகட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம்தான் கேட்டார்.

"சேச்சி, இது எந்தருக்கு?"

எதற்கென்று எனக்கும் தெரியவில்லை என்று சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போனார். அலுவலகத்தில் என் கணவர் அந்த நாளை 'ட்ரயல்' என்று குறிப்பிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். என் தம்பி மஸ்கட்டில் வேலையாக இருந்தான். எனக்குத் தெரியாமல் அவனுக்கு எழுதி, கம்பெனியில் செய்த சுக்கான் ஒன்றை அங்கிருந்து தருவித்துவிட்டார். மெல்லிய கறுப்புத் தகடு, அரை கை நீளம். கூடவே பெடல்கள், எஃகுக் கம்பிகள், ஒரு சிறு புத்தகம். லீவில் அதைச் சுமந்து வந்தவன், விமான நிலையத்தில் அதிகாரி இது என்ன என்று கேட்டதற்கு, அத்தானுக்கு உள்ள சாமான் என்று மட்டும் சொல்லியிருக்கிறான். அவனுக்கும் அதற்குமேல் தெரியாது.

அதைப் பொருத்தும் அன்று நானும் போனேன். தம்பி சுமந்து வந்த பொருளை இவர்கள் கையில் தனியாக விட எனக்கு விருப்பமில்லை. புத்தகத்தைப் படிப்பது மானக்கேடு என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. ஒரு கம்பி குட்டையாகவும் ஒரு கம்பி நீளமாகவும் மாட்டி, அதனால் தகடு கோணலாக நிற்க, தகடுதான் வளைந்து வந்திருக்கிறது, மஸ்கட்டில் ஏமாற்றிவிட்டார்கள் என்று பேசிக்கொண்டு டீ குடிக்கப் போனார்கள். நான் புத்தகத்தைப் பிரித்தேன். தகட்டை நடுவில் நிறுத்தி அசையாமல் கட்டிவிட்டு, இரண்டு பெடலையும் சமமாக வைத்து, அதன் பிறகே கம்பிகளை இறுக்க வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே படம் போட்டிருந்தது. அவர்கள் திரும்பி வருமுன் முடித்துவிட்டேன். என் கணவர் பெடலை மிதித்துப் பார்த்து, இப்போது தானாகச் சரியாகிவிட்டது என்றார்.

சுக்கான் சரியாகிவிட்டது, அவர் ஆகவில்லை. சைக்கிள் மிதிக்கிற மாதிரி இரண்டு காலாலும் மாறி மாறி மிதித்தார். மூக்கு இம்மி நகர்ந்தால் போதும், முழுப் பெடலையும் அழுத்துவார். அது அந்தப் பக்கம் பாயும். உடனே மறு பெடல். தண்ணீரில் அவர் போன தடம் தையல் பழகுகிறவள் போட்ட முதல் தையலாக இருந்தது. தூண்டிலை அவர் எடுக்கவேயில்லை. கால் வேலைக்கே நேரம் போதவில்லை.

ஆடிக் காற்று தொடங்கிய பிறகு ஒரு நாள் மத்தியானம், கயாக் இல்லாமல், முழங்காலுக்குக் கீழே சேறாக, மிதவைச் சட்டையைக் கழற்றாமலேயே பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தார். ஆரியசாலை பஸ்ஸில் அந்த ஆரஞ்சுச் சட்டையோடு எப்படி உட்கார்ந்து வந்தார் என்பதை நான் இன்றும் நினைத்துப் பார்ப்பதுண்டு. நடந்ததைத் துண்டு துண்டாகத்தான் சொன்னார். நடுக்காயலில் காற்று பிடித்துக்கொண்டது. கை ஓய்ந்ததால் துடுப்பை மடியில் வைத்துவிட்டுச் சுக்கானை மட்டும் திருப்பி உட்கார்ந்திருக்கிறார், அது கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று நம்பி. படகு ஓடினால்தான் சுக்கானுக்கு வேலை என்பது மூன்று மாதத் தாள்களில் எதிலும் இல்லையா என்று கேட்க வாய் வந்தது. கேட்காமல் அவர் கால் கழுவத் தண்ணீர் எடுத்துவந்தேன். காற்று அவரைக் கிழக்குக் கரையில் சேற்றில் ஒதுக்கியிருக்கிறது. கயாக்கை ஒரு தென்னையில் கட்டிவிட்டு நடந்து வந்துவிட்டார்.

மறுநாள் எனக்கு லீவு. நான்தான் போய் எடுத்துவர வேண்டும் என்று ஆயிற்று. நேவிக்காரருக்கு அன்று முதுகு வலி. என் கணவர் மேற்குக் கரையில், தோப்பில் காத்திருப்பதாகச் சொன்னார்.

கிழக்குக் கரையில் கயாக் பத்திரமாக இருந்தது. ஐஸ்பெட்டி வழக்கம்போல மூக்குப் பக்கம். பின்னால் மாற்றினேன். சுக்கானைக் கீழே இறக்கக்கூட எனக்கு எண்ணமில்லை. மேலே மடக்கியே புறப்பட்டேன். நான் சொன்னதுதான் சரி என்று நிரூபித்துக்கொண்டு வீடு போக வேண்டும் என்ற வீம்பு.

நூறடி போவதற்குள் அந்த வீம்பு போய்விட்டது. அன்றைக்கு அடித்தது, நான் முதலில் போன சனிக்கிழமையின் மெல்லிய காற்று இல்லை. தோப்பு தென்மேற்கே இருந்தது. காற்றும் அலையும் வலது தோளில் வந்து அடித்தன. பெட்டி பின்னால் இருந்தும் மூக்கு காற்றைப் பார்த்தே திரும்பியது. ஒவ்வொரு துடுப்புக்கும் இரண்டு துடுப்பு திருத்தத்துக்கே போனது. தோள் எரிந்தது. முன்னால் போகிறேனா என்பதே சந்தேகமாக இருந்தது. பார்க்க யாரும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு கயிற்றை இழுத்துத் தகட்டைத் தண்ணீரில் இறக்கினேன்.

இடது காலை ஓர் அங்குலம் அழுத்தி அப்படியே வைத்தேன். அவ்வளவுதான். மூக்கு திரும்புவதை நிறுத்திவிட்டது. இரண்டு கையும் சமமாகத் துடுப்பு போட, கயாக் தோப்பைப் பார்த்து நேராகப் போனது. என் கணவரும் நேவிக்காரரும் படகைத் திருப்புவதற்கு அதைத் தேடினார்கள். நான் பெட்டியை மாற்றினால் போதும் என்று அதை ஏளனம் செய்தேன். அது திருப்புவதற்கானது இல்லை, திரும்பாமல் இருப்பதற்கானது என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. புவியியல் டீச்சராக அது என்னை உறுத்தியது. பதினைந்து வருடமாகக் காற்றைப் பற்றிப் பாடம் நடத்திவந்தவள் நான்.

தாமரைப் படர்ப்பின் மறைவில் அலை குறைந்தது. அங்கே மூக்கைத் திருப்பிக் காற்று முதுகில் வரும்படி விட்டேன். துடுப்பைக் குறுக்கே வைத்துவிட்டு வெள்ளைக்காரர் படகோடு விட்டுப்போன தூண்டிலை எடுத்தேன். அதன் முனையில் மினுங்கும் ஒரு கரண்டி மாதிரித் தகடு கட்டியிருந்தது. காற்று கயாக்கைப் பின்னாலிருந்து மெதுவாகத் தள்ளி ஓட்ட, நான் கால்விரல்களால் லேசாக அழுத்தியும் விட்டும் தாமரையின் ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில் அதை நடத்திக்கொண்டே, இரண்டு கையாலும் தூண்டிலை வீசி இழுத்தேன். மூன்றாவதோ நாலாவதோ வீச்சில் கம்பு வளைந்தது. வரால். இழுத்து மேலே போட்டபோது அது என் முழங்கையைவிட நீளமாக இருந்தது. கால் பக்கத்தில் விழுந்து அடித்துக்கொண்டது. பயந்துபோய்க் காலைத் தூக்கிவிட்டேன். கயாக் நேராகத் தாமரைக்குள் போய்ச் சொருகியது. வெளியே எடுக்க இருபது நிமிஷம் ஆயிற்று. அதையும் நல்லவேளையாக யாரும் பார்க்கவில்லை.

தோப்பில் என் கணவர் கரையோரத்தில் தண்ணீருக்குள் கணுக்காலளவு இறங்கி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ, வேட்டி நுனி நனைந்திருந்தது. நான் வந்த தடத்தை முழுவதும் பார்த்திருக்கிறார். தாமரைக்குப் பின்னால் இருந்த பகுதி மட்டும் தப்பியது. மீனைத் தூக்கிப் பார்த்தார். பிறகு வால்பக்கம் போய், தண்ணீரில் இறங்கியிருந்த சுக்கானைப் பார்த்தார்.

"நான் அன்னைக்கே சொன்னேன்லா, சுக்கான் இல்லாம சரியாவாதுன்னு."

"சொன்னிய. ஆனா எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாது" என்றேன்.

அவர் சுக்கானை மேலே மடக்கினார். "அது உனக்கும் இன்னைக்குத்தானே தெரிஞ்சுது?"

கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவர் சொன்ன பதில்களில் சரியானது அது ஒன்றுதான். கயாக்கை இழுப்பது மாதிரி குனிந்துகொண்டேன்.

அதன் பிறகு அவர் கயாக்கில் ஏறவில்லை. முதுகு என்றார், முதுகு வலி அந்த அலுவலகத்தில் தொற்றும் போலிருக்கிறது. அவர் ரிட்டயர் ஆகும்வரை, ஏழு வருடம், பெரும்பாலான சனிக்கிழமைகளில் நான் காயலுக்குப் போனேன். அவரும் கூட வருவார். தோப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தான் அந்தச் சுக்கானைத் தேர்ந்தெடுத்த கதையைச் சொல்வார். மஸ்கட்டுக்கு எழுதியது, பெடல்களை ஒப்பிட்டது எல்லாம் வரும். இரும்பு முறம் வராது. நேவிக்காரர் ஒரு படி மேலே போய், அலுவலகப் பொழுதுபோக்கு மன்றத்தில் சிறுபடகு ஓட்டுவது பற்றி ஒரு மணி நேரம் பேசிப் பொன்னாடை வாங்கிக்கொண்டார். எனக்கும் அழைப்பு வந்தது. போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். அவர் என் பக்கம் பார்க்காமலேயே பேசி முடித்தார்.

மீன் அகப்படும் நாட்களில் அதைச் சுத்தம் செய்யும் வேலையை என் கணவர் எடுத்துக்கொண்டார். நான் கேட்கவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டது. வராலைச் சாம்பல் போட்டுத் தேய்த்தால்தான் வழவழப்பு போகும் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். எங்கோ படித்ததாகச் சொல்லி எலுமிச்சம்பழத்தால் தேய்ப்பார். அரை மணி நேரம் தேய்த்த பிறகும் மீன் அவர் கையிலிருந்து வழுக்கிக்கொண்டு போய் முற்றத்து மண்ணில் விழும். கழுவி மறுபடி எலுமிச்சம்பழம். அவர் கை கழுவ உள்ளே போனதும் நான் எடுத்துச் சாம்பல் போட்டுத் தேய்த்து வைப்பேன். திரும்பி வந்து தொட்டுப் பார்த்து, இப்போது சரியாகிவிட்டது என்பார்.